ஒரு தூதுவர் எழுத மறுத்த வசனம்

அமெரிக்காவில் ஜனாதிபதி மாறினால் தூதுவர்களும் மாறுவார்கள். இது பெரிய இரகசியம் ஒண்டும் இல்லை. தேர்தலுக்குக் காசு சேர்த்துக் குடுத்தவர்கள், கட்சிக்காரர், நண்பர்கள் எண்டு அரசியல் நியமனமாகப் போன எல்லாரும் புது ஜனாதிபதி பதவியேற்கும்போது இராஜினாமாக் கடிதத்தைக் குடுத்துவிட்டுப் பெட்டி கட்ட வேணும். எங்கட நாட்டிலும் ஆட்சி மாறின கையோடு வெளிநாடுகளில் இருக்கிற அரசியல் நியமனக்காரர் திருப்பி அழைக்கப்படுவதைப் பார்த்திருக்கிறம். ஆனால் வெளிவிவகாரச் சேவையில் படிப்படியாக மேலே வந்த தொழில்முறைத் தூதுவர்கள் வேறு வகை. அவர்களைப் பெரும்பாலும் தங்கள் காலம் முடியும்வரை இருக்க விடுவார்கள். பிறகு ஒரு பிரியாவிடை விருந்து, ஒரு குழுப்படம், விமானம். அதில கதை ஒண்டும் இருக்கிறதில்லை.

அப்பிடிப் போகாத ஒருவரைப் பற்றி எழுதப் போகிறோம். பெயர் றொபேட் வைற். 1980 மார்ச்சிலிருந்து 1981 பெப்ரவரி தொடக்கம் வரை எல் சல்வடோரில் அமெரிக்கத் தூதுவராக இருந்தவர்.

நாங்கள் இவரைத் தேடிப் போகவில்லை. உண்மை ஆணைக்குழுக்கள் எப்பிடி வேலை செய்கின்றன எண்டு பார்க்கலாம் என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுத்துக்கொண்டது, எல் சல்வடோர் பற்றி 1993இல் ஐ.நா. ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை. அதில் நாலு அமெரிக்கப் பெண்களின் கொலை பற்றி ஒரு பகுதி வருகிறது. அவர்களில் இரண்டு பேர் கொல்லப்படுவதற்கு முதல் இரவு எங்கே தங்கினார்கள் என்று தேடினபோதுதான் வைற் வந்தார். அவர்கள் சாப்பிட்டதும் படுத்ததும் அவருடைய வீட்டில்.

எல் சல்வடோர் எங்கட தீவில் மூன்றில் ஒரு பங்கு பரப்பளவுதான். கோப்பி விளைகிற நாடு. காணி முழுக்க 14 குடும்பங்களின் கையில் இருக்கிறது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம், விசயம் அதுதான். 1979 ஒக்ரோபர் 15இல் இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் புரட்சி செய்து ஒரு ஆட்சிக்குழுவை அமைத்தார்கள். காணிச் சீர்திருத்தம் வரும், அடக்குமுறை நிற்கும் என்றார்கள். 1980 மார்ச்சில் 500 ஹெக்டயருக்கு மேற்பட்ட தோட்டங்களை அரசு எடுக்கும் சட்டம் உண்மையிலேயே வந்தது. அடக்குமுறை நிற்கவில்லை. தொழிற்சங்கக்காரர், ஆசிரியர், விவசாயிகள், மாணவர் எண்டு ஆக்கள் இரவில் தூக்கப்பட்டுக் காலையில் தெருவோரத்தில் கிடந்தார்கள். செய்தது மரணப் படைகள். அவற்றில் இருந்தவர்களில் பலர் பகலில் சீருடை போடுகிறவர்கள்.

வைற் அங்கே வரும்போது வயது 53. இளவயதில் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், 1955இல் வெளிவிவகாரச் சேவைக்குள் வந்தவர். எல் சல்வடோருக்கு முதல் பராகுவேயில், ஸ்ட்றோஸ்னரின் சர்வாதிகார ஆட்சிக்காலத்தில், தூதுவராக இருந்தார். மனித உரிமை பற்றி வெளிப்படையாகக் கதைக்கிறவர் என்ற பெயர் அப்பவே உண்டு. ஜிம்மி கார்ட்டரின் ஆட்சிக்கு அது பிடித்த பெயர், செனட் சபையில் இருந்த ஜெசி ஹெல்ம்ஸ் போன்ற கடும் வலதுசாரிகளுக்குப் பிடிக்காத பெயர். ஹெல்ம்ஸ் இவருடைய நியமனத்தையே இழுத்தடித்தார்.

அவர் பொறுப்பேற்று இரண்டு கிழமைகூட ஆகவில்லை. மார்ச் 24 மாலை, சன் சல்வடோரில் ஒரு வைத்தியசாலைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த பேராயர் ஒஸ்கார் ரொமேரோ பீடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இதே ரொமேரோதான் ஐந்து கிழமைக்கு முதல், பெப்ரவரி 17இல், கார்ட்டருக்கு ஒரு கடிதம் எழுதினவர். இந்த இராணுவத்துக்கு உதவி அனுப்பாதேங்கோ, அது என் மக்களைத்தான் கொல்லும் என்பது அதன் சாரம். கடிதம் போனது. உதவியும் போனது: உயிர்கொல்லி அல்லாத உபகரணம் என்ற பெயரில் வாகனங்களும் தொடர்பாடல் கருவிகளும்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது, அதையும் சொல்ல வேணும். வைற் நல்லவரா? எங்களில் ஒருவர் கேட்டது சரியான கேள்வி: ரொமேரோ வேண்டாம் என்ற உதவியைக் கொண்டுபோன அரசின் ஆள்தானே இவரும்? ஆம். 1980 முழுக்க வைற் நம்பியது ஒரு நடுவழியை. இடதில் கெரில்லாக்கள், வலதில் மரணப் படைகள், நடுவில் ஹோசே நப்போலியோன் டுவார்த்தேயின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. அந்த நடுவைத் தாங்கிப் பிடித்தால் நாடு தப்பும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த அதே வருசத்தில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், கொன்றவர்களில் பெரும்பாலானோர் அந்த 'நடு' அரசின் படைகளும் அவற்றின் நிழல்களும். அவரை நாங்கள் புனிதராக்கப் போறதில்லை. ஆனால் அந்தத் தூதரகத்தில் இருந்துகொண்டு கொலைகாரரின் பெயரைச் சொன்னவர் அவர். முன்னாள் புலனாய்வு மேஜர் றொபேட்டோ டொபுய்சோனை மனநோய் பிடித்த கொலையாளி என்று பகிரங்கமாகச் சொன்னார். ரொமேரோவைக் கொல்ல உத்தரவிட்டது டொபுய்சோன்தான் என்று ஐ.நா. ஆணைக்குழு 13 வருசத்துக்குப் பிறகு எழுதியது.

1980 நவம்பர் 4. றொனால்ட் றேகன் தேர்தலில் வென்றார். பதவியேற்பு ஜனவரி 20. இடையில் 77 நாள்.

அமெரிக்க அரசியலமைப்புப் படிக்கும்போது இந்த இடைவெளியை ஒரு நிர்வாக ஏற்பாடாகத்தான் படிக்கிறோம். பழைய ஜனாதிபதி கையெழுத்துப் போடலாம், ஆனால் அவர் போகப்போறவர் எண்டு எல்லாருக்கும் தெரியும். புதியவருக்கு அதிகாரம் இல்லை, ஆனால் எல்லாரும் அவருடைய வாயைத்தான் பார்ப்பார்கள். வொஷிங்டனில் இதனால் கோப்புகள் தேங்கும். சன் சல்வடோரில் ஆட்கள் செத்தார்கள். கார்ட்டரின் மனித உரிமைக் கதை முடிஞ்சுது, இனி எங்களைக் கேட்க ஆளில்லை என்று அங்குள்ள தீவிர வலதுசாரிகள் விளங்கிக்கொண்டார்கள். அவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் எண்டும் சொல்ல முடியாது. சல்வடோர் வணிகர் குழு ஒன்று றேகனின் ஆலோசகர்கள் சிலரைச் சந்தித்து, புது அரசு இராணுவ உதவி தரும் என்ற நம்பிக்கையோடு திரும்பியது என்று நவம்பர் கடைசியில் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின.

நவம்பர் 27. எதிர்க்கட்சிக் கூட்டணியான ஜனநாயகப் புரட்சி முன்னணியின் ஆறு தலைவர்கள் தலைநகரில் ஒரு யேசு சபைப் பாடசாலையில் கூடியிருந்தபோது பட்டப்பகலில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் என்றிக்கே அல்வாறெஸ் முன்பு அதே நாட்டின் விவசாய அமைச்சராக இருந்தவர், தானே ஒரு பெரிய காணிக்குடும்பத்துப் பிள்ளை. பேச்சுவார்த்தை ஒண்டு நடந்திருந்தால் மேசைக்கு மற்றப் பக்கம் இருந்திருக்க வேண்டியவர்கள் இவர்கள்.

ஐந்து நாளில் அடுத்தது.

டிசம்பர் 1 இரவு தூதுவர் வைற்றும் மனைவியும் இரண்டு விருந்தினருக்குச் சாப்பாடு வைத்தார்கள். ஒருவர் அருட்சகோதரி டொறத்தி கசெல், வயது 41. மற்றவர் ஜீன் டொனவன், பொதுநிலை மிசனறி, வயது 27. எங்களை விடக் கொஞ்சம்தான் மூத்தவர். இரண்டு பேரும் லா லிபேர்ட்டாட் பகுதியில் அகதிகளோடு வேலை செய்தவர்கள். இரவு அங்கேயே தங்கி, அடுத்த நாள் தங்கள் வெள்ளை வானில் விமான நிலையம் போனார்கள். நிக்கரகுவாவில் நடந்த ஒரு கூட்டம் முடித்து மாலை விமானத்தில் வந்த மேரிநொல் சபைச் சகோதரிகள் ஈற்றா போட், மோறா கிளாக் இருவரையும் ஏற்றினார்கள். தேசியக் காவல் படையைச் சேர்ந்த ஐந்து பேர், மேலதிகாரியான உப சார்ஜன்ற் சொன்னபடி சீருடையைக் கழற்றிச் சாதாரண உடுப்புப் போட்டுக்கொண்டு, வானை மறித்தார்கள். ஒதுக்குப்புறமான ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ப் பாலியல் வன்புணர்வு செய்து சுட்டுக் கொன்றார்கள்.

காலையில் உடல்களைக் கண்டது அந்த ஊர் விவசாயிகள். அடையாளம் தெரியாத பெண்கள் என்று சொல்லிப் புதைக்கும்படி அவர்களுக்குக் கட்டளை வந்தது. புதைத்தார்கள். ஆனால் ஊருக்குள் கதை நிற்கவில்லை. பங்குத்தந்தைக்குப் போய், அங்கிருந்து மேலே போய், டிசம்பர் 4இல் சந்தியாகோ நொனுவால்கோவுக்குப் பக்கத்தில் அந்தக் குழியைத் தோண்டும்போது வைற் கரையில் நின்றார். ஒவ்வொரு உடலாகக் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். இந்தமுறை இவங்களைத் தப்ப விடமாட்டன் என்ற கருத்தில் அவர் அங்கே சொன்னது பிறகு பல இடங்களில் எழுதப்பட்டது. மூன்று இரவுக்கு முதல் தன் மேசையில் இருந்து சாப்பிட்டவர்கள்.

அந்தப் படங்கள் இணையத்தில் இருக்கின்றன. நாங்கள் பார்த்தோம். இங்கே போடேல்லை.

கார்ட்டர் உடனே உதவியை நிறுத்தி, வில்லியம் றொஜர்ஸ், வில்லியம் பௌட்லர் இருவரையும் விசாரித்து வர அனுப்பினார். பாதுகாப்புப் படைகளுக்குத் தொடர்பு இருப்பதற்கான சூழ்நிலைச் சான்றுகள் இருக்கின்றன என்று அவர்கள் வந்து சொன்னார்கள். அதேநேரம் வொஷிங்டனில் இன்னொரு கடதாசி உலாவியது. இராஜாங்கத் திணைக்களத்தைப் பொறுப்பெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த றேகனின் ஆட்சிமாற்றக் குழு எழுதின அறிக்கை. தூதுவர்கள் சமூகச் சீர்திருத்தக்காரர் மாதிரி நடக்கக்கூடாது என்று சொல்லி, வைற்றையும் நிக்கரகுவாவில் இருந்த லோறன்ஸ் பெசுல்லோவையும் அதில் குறித்திருந்தார்கள். அது பத்திரிகைக்குக் கசிந்தது.

கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். ஒரு கொலை விசாரணைக்காக இராணுவத் தளபதிகளை நெருக்கிக்கொண்டிருக்கிற தூதுவர். அவர் இன்னும் ஆறு கிழமையில் போகப்போறவர் என்று அந்தத் தளபதிகள் பத்திரிகையில் வாசிக்கிறார்கள். பிறகு யார் அவருக்குப் பதில் சொல்வார்கள்? வைற்றும் இதை மறைக்கவில்லை. றேகனின் ஆட்கள் என் கால்களை வெட்டுகிறார்கள் என்கிற மாதிரி வெளிப்படையாகவே முறையிட்டார். பதவியில் உள்ள தொழில்முறைத் தூதுவர் வரப்போகும் ஜனாதிபதியின் குழுவோடு பத்திரிகையில் சண்டை பிடிக்கிறது சாதாரண விசயம் இல்லை. இதே டிசம்பரில், ஐ.நா. தூதுவராகப் போகவிருந்த ஜீன் கேர்க்பற்றிக் ஒரு செவ்வியில், அந்தச் சகோதரிகள் வெறும் சகோதரிகள் இல்லை, அரசியல் செயற்பாட்டாளர்களும்தான் என்று சொன்னார். கொல்லப்பட்டவரைப் பற்றி முதலில் 'அவை ஆர்?' எண்டு கேட்கிற பழக்கம் எங்களுக்குப் புதிதில்லை.

ஜனவரி 3இல் தலைநகர் ஷெறட்டன் ஹோட்டலில் காணிச் சீர்திருத்த நிறுவனத்தின் தலைவரும் அவரோடு இருந்த இரண்டு அமெரிக்கத் தொழிற்சங்க ஆலோசகர்களும் சாப்பாட்டு மேசையிலேயே சுடப்பட்டார்கள். ஜனவரி 10இல் கெரில்லாக்கள், றேகன் வருவதற்கு முதல் முடித்துவிடலாம் என்று, 'இறுதித் தாக்குதல்' தொடங்கினார்கள். அது இறுதியும் இல்லை, வெல்லவும் இல்லை. அந்த நேரம் வைற் ஒரு பிழை விட்டார். நிக்கரகுவாவிலிருந்து கெரில்லாக்கள் படகில் வந்து இறங்கியதாக வந்த தகவலைத் தான் நம்புவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அது நிரூபிக்கப்படவேயில்லை. ஆனால் வொஷிங்டனுக்குத் தேவையானதாக இருந்தது. கார்ட்டர் அரசு, போக ஆறு நாள் இருக்கையில், நிறுத்தின உதவியைத் திரும்பத் தொடங்கி, அடுத்த நாட்களில் ஆயுதமும் சேர்த்து அனுப்பியது. அதற்கு இராஜாங்கத் திணைக்களம் சொன்ன காரணங்களில் ஒன்று: சகோதரிகளின் கொலை விசாரணையில் சல்வடோர் அரசு சாதகமான நடவடிக்கைகள் எடுத்துள்ளது.

இந்த வசனத்தில்தான் வைற் நின்றுவிட்டார்.

றேகன் பதவியேற்ற அதே வாரத்தில் அவர் பத்திரிகையாளருக்குச் சொன்னது இதுதான்: எனக்குத் தெரிந்தவரை சல்வடோர் அரசு உண்மையான விசாரணை எதையும் நடத்தவில்லை, மூடிமறைப்பில் பங்கெடுக்க நான் தயாரில்லை. புதிய வெளிவிவகாரச் செயலாளர் அலெக்சாண்டர் ஹேக், விசாரணையில் இராணுவம் நல்ல முன்னேற்றம் காட்டுகிறது என்று ஒரு தந்தி அனுப்பச் சொல்லித் தன்னைக் கேட்டதாகவும் தான் மறுத்ததாகவும் வைற் பின்னாட்களில் பலமுறை சொல்லியிருக்கிறார். பெப்ரவரி 1இல் அவர் பதவியிலிருந்து எடுக்கப்பட்டார். சொல்லும்படியான வேறு பதவி ஒண்டும் தரப்படவில்லை. 25 வருசச் சேவை அத்தோடு முடிந்தது.

'விசாரணைகள் முன்னேற்றகரமாக நடைபெற்று வருகின்றன.' இந்த வசனத்தை நாங்கள் எத்தனை தரம் தமிழில் வாசித்திருப்பம்? பள்ளிக்கூடக் காலத்தில் பத்திரிகையில், பிறகு ஆணைக்குழு அறிக்கைகளில், ஜெனீவா அமர்வு நாட்களில். ஒரு உத்தியோகத்தர் அதில் கையெழுத்துப் போடமாட்டன் எண்டு சொல்லி வேலையை இழந்ததை நாங்கள் வாசிச்சது இதுதான் முதல்தரம்.

அவர் போனபிறகு அந்த வசனத்துக்கு ஆளில்லாமல் போகவில்லை. மார்ச் மாதம் ஹேக் காங்கிரசில் சாட்சியம் சொல்லும்போது, அந்தப் பெண்கள் வீதித்தடையை மீறி ஓட்டப் பார்த்திருக்கலாம், துப்பாக்கிச் சூடு பரிமாறப்பட்டிருக்கலாம் என்ற மாதிரி ஒரு கதை விட்டார். சகோதரிகள் சுட்டார்களா என்று திருப்பிக் கேட்டபோது பகிடி விட்டுச் சமாளித்தார். அந்த வருசக் கடைசியில் காங்கிரஸ் ஒரு நிபந்தனை போட்டது: உதவி தொடர வேணுமெண்டால், மனித உரிமை நிலைமை திருந்துகிறது என்று ஜனாதிபதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றுப்படுத்த வேணும். முதல் தரம், கொல்லப்பட்ட அமெரிக்கர்களின் வழக்கை சல்வடோர் அரசு நல்லெண்ணத்தோடு விசாரிக்கிறது என்றும் சொல்ல வேணும். றேகன் சொன்னார். திகதி 1982 ஜனவரி 28. அதற்கு முதல் நாள்தான் நியூயோர்க் ரைம்ஸ், வொஷிங்டன் போஸ்ட் இரண்டும் எல் மொசோத்தே படுகொலையை முதல் பக்கத்தில் போட்டிருந்தன. அமெரிக்கா பயிற்றுவித்த அட்லகட்டில் படையணி 1981 டிசம்பரில் அந்தக் கிராமத்திலும் சுற்றயலிலும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது, அவர்களில் பெரும்பகுதி சிறுவர்கள். தூதுவர் எழுத மறுத்ததை ஜனாதிபதி மொத்தம் நாலுதரம் எழுதினார்.

வைற்றின் இடத்துக்கு வந்த டீன் ஹின்ரன் றேகன் அரசின் நம்பிக்கைக்குரியவர். அவரும் 1982 ஒக்ரோபரில் அமெரிக்க வர்த்தகச் சங்கத்தின் சல்வடோர் உறுப்பினர்களுக்கு முன்னால் எழும்பி, நாட்டை அழிப்பதில் மரணப் படை மாபியா கெரில்லாக்களுக்குக் குறைந்ததில்லை என்று பேசினார். வெள்ளை மாளிகை அவரையும் வாய்மூடச் சொன்னது. இதை வாசிச்சபோது எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஆளை மாத்தினாலும் ஊர் அதே ஊர்தானே.

1984 மேயில் அந்த ஐந்து காவல் படையினருக்கும் 30 வருசச் சிறை. சல்வடோர் படையினர் இப்பிடிக் குற்றவாளிகளாகக் காணப்படுவதே அரிது. ஆனால் உத்தரவிட்டது யார் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வெளியிலேயே விடப்பட்டது. உப சார்ஜன்ற் மேலிடத்து உத்தரவில்தான் செயற்பட்டார், அப்போது தேசியக் காவல் படைத் தலைவராக இருந்த விதேஸ் கசனோவாவுக்கு அது தெரிந்திருந்தது, மறைக்கவும் உதவினார் என்று ஐ.நா. ஆணைக்குழு எழுதியது. அறிக்கை வந்து ஐந்து நாளில் எல் சல்வடோர் பாராளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. விதேஸ் கசனோவா இடையில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்து முடித்து, 1989இல் புளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். அவருக்கு முன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஹோசே கியேர்மோ கார்சியாவும் அங்கேதான்.

கொல்லப்பட்ட பெண்களின் குடும்பங்கள் அங்கே தொடுத்த வழக்கு 2000இல் தோற்றது. 2002இல், சித்திரவதையிலிருந்து தப்பிய சல்வடோர்காரர் மூன்று பேர் அதே இரு ஜெனரல்களுக்கும் எதிராகத் தொடுத்த வழக்கு வென்றது. ஜூரிகள் விதித்த இழப்பீடு 54.6 மில்லியன் டொலர். அதன்பிறகு அமெரிக்காவே விதேஸ் கசனோவாவை நாடுகடத்தும் வழக்கைத் தொடங்கியது. 2011இல் புளோரிடாவில் அந்தக் குடிவரவு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் றொபேட் வைற். அப்போது வயது 84. முப்பது வருசத்துக்கு முதல் தன் தந்திகளில் எழுதினதைத்தான் அங்கேயும் சொன்னார்.

அவர் 2015 ஜனவரி 13இல் இறந்தார். விதேஸ் கசனோவாவை ஏற்றிக்கொண்டு விமானம் எல் சல்வடோருக்குப் போனது அதே வருசம் ஏப்ரலில்.